மேற்றிராணியார் சாப்பிட்ட பொங்கல்

எனக்கு வயது எண்பத்து நாலு. பெற்று வளர்த்த பிள்ளைகள் ஐந்து. சோறாக்கிப் போட்டு வளர்த்த பிள்ளைகள் எத்தனை என்று கேட்டால் சொல்லத் தெரியாது. திண்டுக்கல்லில் ஒரு கான்வென்ட் விடுதி அடுப்படியில் முப்பத்தோரு வருஷம் நின்றவள் நான். இன்றைக்கும் பஸ்ஸில் போனால் தலை நரைத்த பெண் யாராவது எழுந்து இடம் கொடுத்து, "சவரியம்மாக்கா, என்னையத் தெரியலையா? உங்க பருப்புக் குழம்பு இன்னும் நாக்குலயே நிக்குதுக்கா" என்பாள். முகம் எனக்கு நினைவுக்கு வராது. ஆனால் அதைக் கேட்கப் பிடிக்கும். பிடிக்காது என்று சொன்னால் பொய். இந்த வயதில் புதிதாக ஒரு பொய்யைச் சேர்த்துக்கொண்டு போய் நான் என்ன செய்யப் போகிறேன்?

அந்த அடுப்படிக்கு இப்போது நாலு பெண்கள் புதிதாக வேலைக்கு வந்திருக்கிறீர்களாம். பொறுப்பில் இருக்கும் சிஸ்டர் வீடு தேடி வந்து, உங்களுக்கு நாலு வார்த்தை எழுதிக் கொடுக்கச் சொன்னார். எனக்குக் கையெழுத்துப் போட வரும், அவ்வளவுதான். நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். புத்தகத்தில் இருக்கிற மாதிரி எழுது என்று சொல்லியிருக்கிறேன். அது உங்களுக்கும் மரியாதை, எனக்கும் மரியாதை.

சமையல் சொல்லித் தரப் போவதில்லை. உங்களிடம் கேஸ் அடுப்பு இருக்கிறது, அரைக்க மிஷின் இருக்கிறது, கை இருக்கிறது. ஆக்கி ஆக்கிக் கற்றுக்கொள்வீர்கள். நான் சொல்ல வந்தது உப்பைப் பற்றி. அதைவிட முக்கியமாக, உப்பு கூடிப்போன பிறகு என்ன செய்வது என்பதைப் பற்றி.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. காலைப் பூசையில் நன்மை, அதாவது சாமியார் கையால் திவ்ய அப்பம், வாங்க வேண்டுமென்றால் முந்தின நடுச்சாமத்திலிருந்து வாயில் எதுவும் படக் கூடாது. பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது. பிற்பாடு அதைத் தளர்த்திவிட்டார்கள். உங்களுக்கு இது கதை மாதிரி இருக்கும். எங்களுக்கு அது பிழைப்பு. யோசித்துப் பாருங்கள்: காலை ஆகாரத்தைப் பூசைக்கு முன்னாலேயே ஆக்கி முடிக்க வேண்டும், ஆனால் ஆக்குகிறவள் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்க்கக் கூடாது. பார்த்தால் அன்றைக்கு நன்மை இல்லை.

எனக்கு முன்னால் அங்கே இருந்த பெரிய சமையல்காரம்மா இதற்கு ஒரு வழி வைத்திருந்தார். வாசலில் போகிற யாரையாவது கூப்பிடுவார். "ஏப்பா, செத்த இங்க வா. இதுல உப்பு இருக்கான்னு பாத்துச் சொல்லு." பால்காரர் பார்த்திருக்கிறார், விறகு வண்டிக்காரர் பார்த்திருக்கிறார். ஒரு நாள் முகவரி கேட்டு வந்த ஆளையே உட்கார வைத்துச் சாம்பார் ஊற்றினார். அந்த ஆள் இன்னும் கொஞ்சம் புளி வேண்டும் என்று வேறு சொல்லிவிட்டுப் போனார். இந்த அம்மாவும் "சரிப்பா" என்று புளியைக் கரைத்தார்.

எனக்கு அதைப் பார்க்கவே மானம் போகும். இருபது வருஷம் ஆக்கியவர், தெருவில் போகிறவனிடமா கேட்பது? நான் அந்த இடத்துக்கு வந்தால் யாரிடமும் கேட்க மாட்டேன் என்று மனதுக்குள் சபதம் போட்டேன்.

அவர் வயதாகி வீட்டுக்குப் போனார். கரண்டி என் கைக்கு வந்தது. நான் மூக்காலேயே உப்புப் பார்ப்பேன் என்று ஒரு பேச்சைக் கிளப்பிவிட்டேன். அண்டாவின் மேல் குனிந்து ஆவியை ஓர் இழுப்பு இழுத்து, கண்ணை மூடி, "ம், இன்னும் அரைக் கை" என்பேன். சிஸ்டர்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பார்கள். உண்மையைச் சொல்கிறேன், உப்புக்கு ஏது வாசனை? எத்தனை படி அரிசிக்கு எத்தனை கை உப்பு என்று கைக்குப் பழகிவிட்டது, அவ்வளவுதான். ஆனால் மூக்கு என்று சொன்னால்தான் பெருமை.

எனக்கு உதவியாக இருந்தவள் பாக்கியம். தாடிக்கொம்பு பக்கம். என்னைவிட ஆறேழு வயது இளையவள். புருஷன் மலைத்தோட்டத்துக்கு வேலைக்குப் போனவன் திரும்பி வரவில்லை. ஒரே மகள், செல்வி என்று பெயர், எங்கள் பள்ளியிலேயே நாலாம் வகுப்பு. பாக்கியம் அடுப்படியில் வேலை பார்க்கிறாள் என்பதால் அந்தப் பிள்ளைக்கு விடுதியில் இடமும் சோறும் படிப்பும். வேலை போனால் எல்லாம் போகும்.

பாக்கியம் பெருமாளைக் கும்பிடுகிறவள். புரட்டாசிச் சனிக்கிழமை அவளுக்கு விரதம். மற்ற நாளெல்லாம் எதை வேண்டுமானாலும் ருசி பார்க்கலாம். நாக்கு ஒன்று, எந்தத் தடையும் இல்லாமல், எனக்கு இரண்டடி தள்ளி அம்மியில் அரைத்துக்கொண்டிருக்கிறது. வந்த புதிதில் அவளே கேட்டாள்.

"அக்கா, நான் வேணா செத்த உப்புப் பாக்கவா?"

"நீ அம்மியப் பாரு."

அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை.

சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். பிள்ளைகளுக்கு உறுதிபூசுதல் கொடுக்க மேற்றிராணியார் வருகிறார் என்று செய்தி வந்தது. இப்போது ஆயர் என்கிறீர்களே, அவரைத்தான் அப்போது அப்படிச் சொல்வோம். ஞாயிற்றுக்கிழமை பூசை, பூசை முடிந்ததும் எங்கள் கான்வென்டில் காலை ஆகாரம். அரிசி கட்டுப்பாட்டில் இருந்த காலம். கான்வென்டுக்குத் தலைவியான பெரிய மதர் எங்கெங்கோ சொல்லி வைத்துப் பச்சரிசி சேர்த்திருந்தார். "சவரியம்மா, உன் வெண்பொங்கல்தான்" என்றார். எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

அன்றைக்குக் கட்டுவதற்கென்று சின்னாளப்பட்டிச் சுங்குடி ஒன்று எடுத்திருந்தேன், அரக்கு நிறம். பூசை முடிந்து மேற்றிராணியாரின் மோதிரத்தை முத்தி செய்ய, அதாவது முத்தமிட, எல்லாரும் வரிசையில் நிற்க வேண்டும். அந்த வரிசையில் சமையல்கட்டுக்காரிகளுக்கு எந்த இடம் என்பதுதான் என் கவலை. மாதா சபைப் பெண்களுக்கு முன்னாலா, பின்னாலா?

விடிகாலையில் அடுப்பு மூட்டி, அரிசியும் பருப்பும் குழைந்து வந்த நேரம். கொட்டாங்கச்சியில் அளந்து உப்பைப் போட்டேன். போட்ட கையோடு, பந்தலில் கயிறு கட்டுகிற சத்தம் கேட்டது. வரிசைக்குத்தான் கட்டுகிறார்கள் என்று தெரிந்துவிட்டது. ஓடினேன். அங்கே மாதா சபைத் தலைவியம்மா நின்று, சமையல்காரிகளுக்குக் கடைசி இடம் என்று காட்டிக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, ஆக்கிப் போடுறவுக கடைசியா? அப்ப நீங்களே போயி ஆக்குங்க."

"சவரியம்மா, நல்ல நாளும் அதுவுமா வாய வளக்காத."

"நானா வளக்குறேன்? கயிறுதான் வளருது, அந்தா தெரு வரைக்கும்."

இப்படியே கொஞ்ச நேரம். ஒரு வழியாக இரண்டு ஆள் முன்னால் தள்ளி இடம் பிடித்துவிட்டுத் திரும்பி வந்தேன். வந்து அண்டாவைப் பார்த்தால், உப்புப் போட்டேனா இல்லையா என்று சுத்தமாக நினைவில்லை. பாக்கியம் துடுப்பு வைத்துக் கிளறிக்கொண்டிருந்தாள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கேட்பேனா நான்? குனிந்தேன், ஆவியை இழுத்தேன், கண்ணை மூடினேன். கொட்டாங்கச்சியை எடுத்தேன்.

"அக்கா, அக்கா, ஏற்கெனவே போட்டீகளே."

"என்னது?"

"உப்பு. வெளிய போறதுக்கு முன்னாடி போட்டீகளே."

"நீ இந்த அடுப்படிக்கு வந்து எத்தன வருசமாச்சு?"

"மூணு."

"எனக்குப் பதினொண்ணு. கிளறு."

போட்டேன். முழுசாகப் போட்டேன். கோயிலில் முதல் மணி அடித்தது. சுங்குடியைக் கட்டிக்கொண்டு, பாக்கியத்தை அடுப்பைப் பார்க்கச் சொல்லிவிட்டுப் பூசைக்குப் போனேன். பக்தியோடு நன்மை வாங்கினேன். மோதிரத்தையும் முத்தி செய்தேன்.

பந்தி நடந்ததை நான் பரிமாறிக்கொண்டே பார்த்தேன். மேற்றிராணியார் முதல் வாய் எடுத்து வைத்தார். வாய் நின்றது. கண் ஒரு தடவை மூடித் திறந்தது. பிறகு மென்றார். பக்கத்தில் இருந்த பங்குச் சாமி ஒரு வாய் வைத்துவிட்டு, தண்ணீர் டம்ளரை எடுத்தவர் கீழே வைக்கவே இல்லை. அரிசி கிடைக்காத காலம், எறிய முடியாது. விருந்து கொடுத்தவர்களை வருத்தவும் கூடாது. மேற்றிராணியார் இலையைக் காலி செய்தார். நாலாவது டம்ளர் தண்ணீரை வாங்கிக்கொண்டு, "திண்டுக்கல் தண்ணி நல்லா இருக்கே" என்றார். எங்கள் ஊர்த் தண்ணீரை நல்லா இருக்கிறது என்று சொன்ன மனிதரை அதற்கு முன்னும் நான் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை.

அடுப்படிக்கு ஓடி ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். அம்மாடி! தொண்டை வரைக்கும் காந்தியது. வெளியே விடுதிப் பிள்ளைகள் அத்தனை பேரும் கிணற்றடியில் வரிசை கட்டி நின்றார்கள். மோதிரம் முத்தி செய்யக்கூட அவ்வளவு ஒழுங்கான வரிசை நிற்கவில்லை.

விருந்தாளிகள் போனதும் பெரிய மதர் இரண்டு சிஸ்டர்களோடு அடுப்படிக்கு வந்தார். முகம் சிவந்திருந்தது.

"யாரு உப்புப் போட்டது?"

பிள்ளைகளா, நான் சொன்னதை அப்படியே சொல்கிறேன், கவனியுங்கள். "நான் கோயிலுக்குக் கெளம்புறப்ப எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு மதர். அதுக்கப்புறம் அடுப்படியில நின்னது பாக்கியந்தான்" என்றேன். அவள் போட்டாள் என்று சொன்னேனா? சொல்லவில்லை. அப்படி ஒரு நயமான பொய். கெட்டிக்காரத்தனம் இருக்கிறதே, அது தப்புக்கு மெழுகு பூசும்போதுதான் நன்றாக வேலை செய்யும்.

பாக்கியம் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். பெரிய மதர் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. "வர்ற சனிக்கிழமையோட நின்னுக்க. பிள்ளையையும் கூட்டிட்டுப் போயிரு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அந்த ஒரு வாரம் நான் பாக்கியத்திடம் காட்டிய அன்பு இருக்கிறதே, கல்யாணம் ஆகிப் போகிற மகளிடம்கூட அப்படிக் காட்டியிருக்க மாட்டேன். முதல் காபி அவளுக்கு. குழம்பில் நல்ல துண்டு அவளுக்கு. அம்மியில் நான் உட்கார்ந்து அரைத்தேன். மூன்றாம் நாள் அவள் கேட்டாள்.

"என்னக்கா, வைத்தியர் ஏதும் எனக்கு நாள் குறிச்சுட்டாரா? இந்தத் தாங்கு தாங்குறீக."

"சும்மா இருடி. ஒரு பாசந்தான்."

"பாசமா?" என்று சிரித்தாள். "உப்பக் கொட்டுனது நீங்க. வேல போறது எனக்கு. பாசத்துக்கு இனி என்ன கொறச்சல்?"

"அப்ப மதர்கிட்ட நீ சொல்லியிருக்க வேண்டியதுதானே?"

"என்னைய யாரு கேட்டா?"

காபியை ஆற்றிக் கொடுத்தேன். குடித்தாள். டம்ளரைக் கழுவி வைத்தாள்.

சனிக்கிழமை சாயங்காலம் வழக்கம் போல, சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். வயதான சாமி ஒருவர் இருந்தார், இடது காது மந்தம். அவரிடம் இடது பக்கம் போய் மண்டியிட்டேன். நானும் விவரமானவள்தானே. சல்லடைப் பலகைக்கு அந்தப் பக்கம் அவர் காதைச் சாய்த்தார். நான் ஆரம்பித்தேன். காலைச் செபம் இரண்டு தடவை விட்டேன், பிள்ளைகளைத் திட்டினேன், மாதா சபைத் தலைவியை மனதுக்குள் வைதேன், பொங்கலில் உப்புப் போட்டுவிட்டு வேறொருத்தி மேல் பழி விழும்படி பேசினேன், வெள்ளிக்கிழமை பராக்குப் பார்த்துக்கொண்டு செபமாலை சொன்னேன், இதெல்லாவற்றுக்காகவும் மனஸ்தாபப்படுகிறேன்.

"நடுவுல ஒண்ணு சொன்னியே," என்றார் சாமி. நாற்காலியைத் திருப்பிப் போட்டு நல்ல காதைக் காட்டினார். "அத மட்டும் திருப்பிச் சொல்லு. சத்தமா."

பின்னால் முறைக்கு நின்ற பெண்கள் மரியாதையாக நாலு எட்டுத் தள்ளிப் போனார்கள். காதை மட்டும் அங்கேயே விட்டுவிட்டுப் போனார்கள்.

சொன்னேன். முழுசாகச் சொன்னேன். பாக்கியம் தடுத்தது, நான் வருஷக் கணக்குப் பேசியது, மதரிடம் சொன்ன நயமான வார்த்தை, எல்லாம். சாமி நல்ல காதைப் பலகையோடு ஒட்டி வைத்துக் கேட்டார். பிறகு, "அந்தப் பொங்கலா!" என்றார். "அன்னைக்கு ரெண்டு செம்பு தண்ணி குடிச்சேன்."

எனக்கு அழுகை வந்தது. "அபராதம் எவ்வளவு பெருசானாலும் குடுங்க சாமி. முழங்கால்ல நின்னு செபமாலை அம்பத்துமூணு மணியும் சொல்றேன். பத்து நாள் சொல்றேன். வேளாங்கண்ணிக்கு நடந்தே போறேன்."

"வேளாங்கண்ணிக்கு நடந்தா உன் காலுதான் நோகும். பாக்கியத்துக்கு என்ன கெடைக்கும்?"

நான் முந்தானையால் மூக்கைத் துடைத்தேன்.

"குசினி அடுப்படியில இருந்து பெரிய மதர் ரூமுக்கு எத்தன எட்டு?"

"ஒரு முப்பது எட்டு இருக்கும் சாமி."

"அத நட. அதான் அபராதம்."

"சாமி, அதுக்கு வேளாங்கண்ணியே தேவலையே!"

பலகைக்குப் பின்னால் அவர் சிரித்த சத்தம் கேட்டது. பிறகு, கையை உயர்த்தி மன்னிப்பு மந்திரத்தைச் சொன்னார். சிரித்த அதே வாயால் சொன்னார். அதை நான் மறக்கவே இல்லை. நான் ஒரு வாரமாக நரகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அவர் உன் தப்பு இவ்வளவுதான், போய்ச் சரிசெய் என்கிறார்.

நடந்தேன். முப்பது எட்டு இருக்கிறதே, அதற்குள் எத்தனை வேலை! வழியில் ஒரு பூத்தொட்டி கோணலாக இருந்தது, நிமிர்த்தினேன். தண்ணீர்ப் பானையின் மூடியைச் சரியாக வைத்தேன். துணி காய்கிற கொடியில் ஒரு முந்தானை தரையைத் தொட்டது, அதை எடுத்து மேலே போட்டேன். வாசலில் நின்று மூன்று தடவை செருமினேன்.

பெரிய மதர் பீடத் துணி தைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இரண்டு சிஸ்டர்கள்.

"மதர், உங்ககிட்டத் தனியா ஒரு வார்த்தை."

சொல்லிவிட்டுத்தான் பார்த்தேன். அன்றைக்கு அடுப்படிக்கு வந்த அதே இரண்டு சிஸ்டர்கள். பாக்கியத்தின் பெயரை நான் கெடுத்தது இவர்கள் முன்னால்தானே? "தனியா வேண்டாம் மதர், இங்கனயே சொல்றேன்" என்றேன்.

"பொங்கல்ல உப்புப் போட்டது நான். ரெண்டு தடவையும் நாந்தான். பாக்கியம் வேண்டாம்னு சொன்னா. நான் கேக்கல. உங்ககிட்ட மாத்திச் சொன்னேன்."

ஒரு வாரமாகத் தொண்டையில் கிடந்தது இவ்வளவுதான். சொல்லி முடிக்க ஒரு மூச்சு ஆகவில்லை. மூக்கால் உப்புப் பார்க்கிற கதையையும் சேர்த்துச் சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். அது வேண்டாம், கேட்டால் சொல்லலாம் என்று விட்டுவிட்டேன். மனுஷி ஒரே நாளில் எவ்வளவுதான் தாழ்வாள்?

பெரிய மதர் கண்ணாடியைக் கழற்றித் துணி மேல் வைத்தார். என்னைத் திட்டப் போகிறார் என்று நின்றேன். "நானும் அவகிட்ட ஒரு வார்த்தை கேக்கலையே, சவரியம்மா" என்றார். பிறகு எழுந்தார். "எங்க அவ?"

ஓடிப்போய்ப் பார்த்தால் அடுப்படி பெருக்கிச் சுத்தமாக இருக்கிறது, ஆள் இல்லை. பிள்ளையையும் தகரப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டாளாம்.

"நீயே போயிக் கூட்டிட்டு வா. நான் பேச வேண்டியத அவ வந்தப்புறம் நான் பேசிக்கிறேன்" என்றார் மதர்.

அன்றைக்கு ஓடிய மாதிரி நான் அதற்குப் பிறகு ஓடியதில்லை. பஸ் ஸ்டாண்டில் தாடிக்கொம்பு வழியாகப் போகிற வண்டி உறுமிக்கொண்டு நின்றது. ஜன்னலோரம் பாக்கியம், மடியில் செல்வி. நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். மூச்சு வாங்கியது.

"பாக்கியம், நாந்தாண்டி ரெண்டு தடவையும் உப்புப் போட்டேன்!"

வண்டியே திரும்பிப் பார்த்தது. பாக்கியம் மட்டும் அசையவில்லை.

"இதச் சொல்லவா இம்புட்டு தூரம் ஓடியாந்தீக? எனக்குத் தெரிஞ்சதுதானே."

"எம்மேலதாண்டி தப்பு. எறங்கு."

கண்டக்டர் வந்துவிட்டார். "ஏம்மா, ஏறுறதுன்னா ஏறு. பாவசங்கீர்த்தனம் பண்றதுன்னா கோயிலுக்குப் போ. வண்டி கெளம்புது."

"அங்க முடிச்சுட்டுத்தான்யா வாரேன்!"

பூக்கூடையோடு இருந்த ஓர் அம்மா கேட்டார், "என்னத்துல ஆத்தா ரெண்டு தடவ உப்பு?" பின்சீட்டிலிருந்து ஒரு பெரியவர், "அட, மேற்றிராணியாருக்கு ஆக்குன பொங்கலாமில்ல, ஊரே பேசுதே" என்றார். ஊரே பேசுகிறது என்று அப்போதுதான் எனக்குத் தெரியும். முந்தின வாரமாக இருந்தால் அந்த இடத்திலேயே பூமிக்குள் போயிருப்பேன். அன்றைக்கு அதற்கு நேரமில்லை.

"பாக்கியம், பெரிய மதர்கிட்டயும் சொல்லிட்டேன். அவுகதான் அனுப்புனாக."

அவள் சடாரென்று எழுந்தாள். "அத மொதல்ல சொல்றதுக்கு என்ன? அடியே செல்வி, பெட்டிய எடு." படியில் நின்றுகொண்டு என்னைப் பார்த்தாள். "ஒண்ணு சொல்றேன். இனிமே உப்பு நாந்தான் பாப்பேன். சம்மதமா?"

"செத்த எறங்குடி, அப்புறம் பேசலாம்."

"இங்கனயே சொல்லுங்க. இம்புட்டுப் பேரு இருக்காக."

"சம்மதம்."

கண்டக்டர் விசிலை ஊதினார். வண்டியில் யாரோ கை தட்டினார்கள். பூக்கார அம்மாவாகத்தான் இருக்க வேண்டும்.

கான்வென்டுக்குத் திரும்பியதும் பெரிய மதர் வாசலுக்கே வந்தார். பாக்கியத்தின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "உன்னக் கேக்காம முடிவு பண்ணினது என் தப்பு" என்றார். எல்லார் முன்னாலும் சொன்னார். எனக்குப் பதினொரு வருஷத்துச் சர்வீஸ், ஒரு வாரம் தவித்துத்தான் அந்த வார்த்தை வந்தது. அவருக்கு ஒரு நிமிஷத்தில் வந்தது. பெரிய மதர் என்று அவரை ஏன் சொல்கிறோம் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

கதை இத்தோடு முடிந்தது என்று நினைக்கிறீர்களா? இனிமேல்தான் நான் பெரிய கூத்து ஒன்று நடத்தினேன்.

மறுநாள் பூசையில் நன்மைக்குப் போகவில்லை. அதற்கடுத்த வாரமும் போகவில்லை. நான் அதற்குத் தகுதியில்லாதவள் என்று கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால், முக்காடு போட்டு உட்கார்ந்தேன். முக்காடு விலகினால் சரி செய்துகொண்டு, யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டேன். காபி குடிப்பதை விட்டேன். பொங்கல் ஆக்க மாட்டேன், விறகு பிளக்கிறேன் என்றேன். பாக்கியத்தைப் பார்க்கிறபோதெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உனக்குப் பாவம் பண்ணிட்டேனேடி" என்பேன். அவள், "சரிக்கா, விடுங்க" என்பாள். மறுபடி துடைப்பேன். அவள் மறுபடி, "விடுங்கக்கா" என்பாள்.

ஒரு மாதம் ஆனது. ஒரு நாள் குழம்பு கொதிக்கிற நேரத்தில் நான் ஆரம்பித்ததும் அவள் கரண்டியைத் தட்டில் டங்கென்று வைத்தாள்.

"அக்கா, நான் மன்னிச்சேன்ல?"

"மன்னிச்சடி. உன் மனசு யாருக்கு வரும்?"

"அப்ப அது நல்லால்லையா? புடிக்கலன்னா திருப்பித் தந்துருங்க."

"என்னடி சொல்ற?"

"குடுத்தத வச்சுக்க மாட்டேங்குறீக. தெனமும் எங்கிட்ட வந்து புதுசா ஒண்ணு கேக்குறீக. நீங்க அழுவீக, நான் தேத்தணும். நீங்க அழுவீக, நான் தேத்தணும். வெஞ்சனத்த யாரு நறுக்குறது? உங்க சாமியும்தான் மன்னிச்சாருன்னு சொன்னீக. அவரு சொன்னதும் உங்களுக்குப் பத்தலையா? அம்புட்டுப் பெரிய ஆளாக்கா நீங்க?"

பெருமாள் கோயிலுக்குப் போகிறவள். எனக்கு அவள் சொன்ன மாதிரி எந்தப் பிரசங்கத்திலும் யாரும் சொன்னதில்லை. முன்னே உப்பை நான் மட்டும்தான் போடத் தெரிந்தவள் என்று இருந்தேன். இப்போது பாவத்தையும் நான் மட்டும்தான் பெரிதாகச் செய்யத் தெரிந்தவள் என்று இருக்கிறேன். சர்வேசுரன் மன்னித்ததை ஒதுக்கிவிட்டு, நான் ஒருத்தி உட்கார்ந்து விசாரித்துக்கொண்டிருக்கிறேன். சுங்குடியைக் கழற்றி வைத்து முக்காடு போட்டேனே தவிர, உள்ளே நின்றது அதே சவரியம்மாதான்.

எனக்குக் கோபம் வந்தது. பிறகு சிரிப்பு வந்தது. கத்தரிக்காயை எடுத்து நறுக்கினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நன்மைக்குப் போனேன். அதற்கு முன்னால் அடுப்படியில் பாக்கியம் பொங்கலை ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டு, கண்ணை மூடி, என்னைப் போலவே ஓர் இழுப்பு இழுத்துக் காட்டி, "ம், இன்னும் அரைக் கை" என்றாள். உப்பு ஏற்கெனவே சரியாக இருக்கிறது என்று எனக்கு நூறு சதவீதம் தெரியும், ஆனாலும் போட்டேன். பந்தியில் எல்லாரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். பாக்கியத்தின் பக்கம் நான் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் அவள் முகத்தைத் தாங்கியிருக்க முடியாது.

அவளும் நானும் அதற்குப் பிறகு இருபது வருஷம் சேர்ந்து ஆக்கினோம். செல்வி படித்து டீச்சராகி, வத்தலக்குண்டுப் பக்கம் வேலைக்குப் போனாள்.

பிள்ளைகளா, அண்டா முன்னால் நிற்கும்போது கை தப்பும். அதற்குப் பயப்படாதீர்கள். பக்கத்தில் அரைக்கிறவளிடம், "இதைக் கொஞ்சம் பார்" என்று கேளுங்கள். கேட்காமல் கெடுத்துவிட்டால், கெடுத்தது நான் என்று அன்றைக்கே சொல்லுங்கள். மறுநாள் அந்த முப்பது எட்டு அறுபது எட்டாகிவிடும். சொல்லி, சரிசெய்து, மன்னிப்பும் வாங்கிய பிறகு அடுப்பைப் பாருங்கள். பசியோடு பிள்ளைகள் மணிக்காகக் காத்திருக்கும்போது உட்கார்ந்து அழ ஒரு சமையல்காரிக்கு நேரம் கிடையாது. எனக்குத் தெரிந்த வேதம் இவ்வளவுதான். இதற்குமேல் வேண்டுமென்றால் சாமியாரிடம் கேளுங்கள்.

போதும் கண்ணு, பேனாவை வை. மேலேயிருந்து ஒரு தடவை சத்தமாகப் படி. நான் சொன்னதைவிட எங்கேயாவது என்னை நல்லவளாக எழுதியிருந்தால், அந்த இடத்தில் நிறுத்து.